ஆளுக்குப் பாதி அணை

காலைக் காப்பியை வாயருகே கொண்டுபோன நேரத்தில்தான் அந்த ஆள் வந்து முற்றத்தில் நின்றான். அரைக்கால் சட்டை, முழங்கால்வரை நனைந்த கால்கள், கழுத்தில் காமிரா, கையில் ஈரத்தில் ஊறிப்போன ஒரு வரைபடம். ரெஜிஸ் பூய்சு காப்பிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி சமையலறை ஜன்னல் வழியாக அவனைக் கவனித்தார். கதவைத் தட்டுவான் என்று பார்த்தால், தட்டவில்லை. மில்லை அண்ணாந்து பார்த்தான், சுவரைத் தடவிப் பார்த்தான், வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தான். பிறகு சொந்த வீட்டுக்கு வந்தவன் மாதிரி மரத்தடிக்குப் போய் ரெஜிஸின் நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ரொட்டியை எடுத்தான்.

"யோவ், என்னய்யா பண்ற அங்க?"

அவன் திடுக்கிடவெல்லாம் இல்லை. பல் தெரியச் சிரித்தான். ஹாலந்துக்காரன். வெயிலில் அவித்த இறால் நிறத்துக்கு வந்திருந்தான்.

"வணக்கம்! ஒன்பதாவது இடம் இதுதானே?"

"இது இடமில்லய்யா. வீடு. என் வீடு."

"படத்துல இருக்கே" என்று அவன் வரைபடத்தை நீட்டினான்.

இருக்கத்தான் செய்தது. அந்தக் கண்றாவியை ரெஜிஸ் இந்தக் கோடையில் எத்தனை முறை பார்த்துவிட்டார்! சுற்றுலா அலுவலகம் அச்சடித்து பேக்கரியிலும் பெட்ரோல் பங்க்கிலும் இலவசமாக அடுக்கிவைத்திருந்த தாள். 'செலே ஆற்றோரம் பார்க்க வேண்டிய இடங்கள்.' முதலாவது, ஆதிமனிதன் குதிரை வரைந்த குகை. மூன்றாவது, மார்சியாக்கில் கூரை இடிந்த மடாலயம். ஆறாவது, காப்ரரேயில் பாறையோடு ஒட்டிக் கட்டிய கோட்டை. இந்தப் பெரிய மனிதர்களுக்கு நடுவே ஒன்பதாவதாக ரெஜிஸ் பூய்சுவின் மில். 'பழைய மாவு மில், அழகிய தடுப்பணை, குடும்பத்தோடு அமர்ந்து உண்ண ஏற்ற கூழாங்கல் கரை.' புகைப்படத்தில் கொடியில் காய்ந்த அவருடைய உள்ளாடை மூன்று, துல்லியமாக.

படம் எதிர்க்கரையிலிருந்து எடுத்தது. எதிர்க்கரை முழுவதும் யோலாந்துடைய புல்வெளி. யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று ரெஜிஸ் ஊரில் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது?

யோலாந்த் அவருடைய அக்கா. அறுபத்தைந்து வயது, ஆண்பிள்ளைத் தோள்கள், ஊரே கேட்கும் குரல். புல்வெளியில் கொட்டகை போட்டு மஞ்சள் பிளாஸ்டிக் படகுகளை வாடகைக்கு விடுகிறாள். காலையில் சுற்றுலாக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டுபோய் மேலே இறக்கிவிடுவாள். அவர்கள் துடுப்பு போட்டு, ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் அடித்து, கத்திக் கூச்சலிட்டபடி ஆற்றோடு இறங்கி வருவார்கள். அணைக்கு வந்ததும் படகை விட்டு இறங்கி, அதைத் தோளில் தூக்கி, அணைக்குக் கீழே கொண்டுபோய்ப் போட்டு மறுபடி ஏற வேண்டும். இந்தத் தூக்கல் ஒன்றுதான் அவள் தொழிலுக்குத் தலைவலி. அணை ஒழிந்தால் படகுகள் நிற்காமல் காப்ரரே வரை போகும். அணை ஒழிய வேண்டும் என்பதுதான் இப்போது அவள் மூச்சு.

அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வது நின்று ஏழு வருடம். அப்பா அன்செல்ம் செத்தபோது பத்திரம் எழுதுகிற நோட்டரி, இந்தப் பக்கத்து வழக்கப்படி, சொத்தை இரண்டு பங்காகப் பிரித்துச் சீட்டுக் குலுக்கினார். ஒரு சீட்டில் மில்லும் இடக்கரையும். இன்னொன்றில் வலக்கரைப் புல்வெளியும் வாதுமைத் தோப்பும். ரெஜிஸ் அதுவரை துலூஸ் நகரத்தில் விமானத் தொழிற்சாலையில் வெல்டர். விடுமுறைக்கு வந்துபோகிறவர். அப்பாவுக்குச் சூப் ஊட்டியதும், அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியதும், மதகைத் திறந்து மூடியதும் யோலாந்த். சீட்டு மட்டும் ரெஜிஸ் கைக்கு மில்லைக் கொடுத்தது. அவள் நோட்டரியின் மேஜைக்கு எதிரே தம்பியைப் பார்த்தாள். மாத்திக்கலாமா என்று தம்பி கேட்பான் என்று காத்திருந்தாள். தம்பி கேட்கவில்லை. அவள் எழுந்து போய்விட்டாள். அவ்வளவுதான் சண்டை. ஒரு வார்த்தை உரக்கப் பேசியிருந்தால்கூட எப்போதோ தீர்ந்திருக்கும்.

அணை மட்டும் இரண்டு பேருக்கும் பொது. செலேயில் ஓடுகிற தண்ணீர் யாருடையதும் இல்லை. தண்ணீருக்கு அடியில் இருக்கும் கல் கரைக்காரனுடையது, ஆற்றின் நடுவரைக்கும். நடுவில் யாரும் கோடு போட்டதில்லை. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் தூண்டில் பிடிக்கத் தெரிந்த எவனுக்கும் அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரியும். ஆகவே அணையில் இடப்பாதி ரெஜிஸ், வலப்பாதி யோலாந்த்.

ரெஜிஸ் அந்த ஹாலந்துக்காரனை ரொட்டியோடு விரட்டினார். விரட்டிவிட்டு அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார். மனைவி துலூஸைவிட்டு வரமாட்டேன் என்று அங்கேயே தங்கிவிட்டாள். மகன் தொலைபேசியில் வருடத்துக்கு இரண்டு முறை. அவருக்கென்று மிஞ்சியது அணையில் தண்ணீர் விழும் சத்தம்தான். அது கேட்டால்தான் தூக்கம் வரும், அது கேட்டால்தான் விழிப்பும் வரும். அந்தச் சத்தத்தை நிறுத்தப் பார்க்கிறாள் யோலாந்த்.

ஜூலையில் ஊர் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. ஆற்றுச் சங்கத்திலிருந்து செவ்ரின் என்று ஒரு இளம் பொறியாளர் வந்திருந்தாள். மீன்கள் மேலே ஏற வழி வேண்டும், அதற்காகப் பழைய அணைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவருகிறோம் என்றாள். அணை உறுதியாக இருந்து, இரண்டு கரைக்காரர்களும் ஒப்புக்கொண்டால், மீன் ஏறப் படி கட்டி அணையை அப்படியே விடலாம். பாழாகிவிட்டது என்று தெரிந்தாலோ, ஒருவர் மறுத்தாலோ, உடைத்துவிட வேண்டியதுதான்.

"என் பாதியை இன்னைக்கே எடுத்துக்குங்கம்மா" என்றாள் யோலாந்த். "நானே கடப்பாரை கொண்டாறேன்."

ரெஜிஸ் அவளைப் பார்க்காமல் பொறியாளரைப் பார்த்துப் பேசினார். "அந்தம்மாகிட்ட சொல்லுங்க. அணை இல்லேன்னா ஆகஸ்ட் மாசம் செலேயில தண்ணி கணுக்காலுக்கு மேல நிக்காது. அவங்க படகு ஆத்துல போகாது, கல்லுமேலதான் போகும்."

"அந்த ஐயாகிட்ட சொல்லுங்க. அவரு ஏழு வருஷமாத்தான் இந்தத் தண்ணியப் பாக்குறாரு. நான் பொறந்ததிலேருந்து பாக்குறேன்."

"எனக்கும் கண்ணு இருக்குன்னு சொல்லுங்க."

"கண்ணு இருக்கு, சரி. அணை உள்ளுக்குள்ள எப்படி இருக்குன்னு பாத்திருக்காரான்னு கேளுங்க."

"ஒரு கல்லு அசையல! அசைஞ்சிருந்தா என் தலைய வெட்டுங்க!"

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. செவ்ரின் பேனாவை மூடிவிட்டு, மாதா திருநாள் முடிந்து வருகிற வியாழக்கிழமை நேரில் வந்து பார்த்து முடிவு சொல்கிறேன், அதுவரைக்கும் நீங்கள் இருவரும் தயவுசெய்து நேருக்கு நேர் பேசிக்கொள்ளுங்கள் என்றாள். இரண்டு பேரும் இரண்டு வாசல் வழியாக வெளியே போனார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் ரெஜிஸுக்கு அந்த யோசனை தோன்றியது. வாயால் சொன்னால் சிரிக்கிறார்களா? கண்ணால் காட்டினால்? அணையில் அவர் பக்கத்து ஓரத்தில், மில் சுவரை ஒட்டி, மதகு இருக்கிறது. அதை முழுக்கத் தூக்கிவிட்டால் அணை இருந்தும் இல்லாதது மாதிரிதான். தேங்கிய தண்ணீர் அத்தனையும் இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும். அவளுடைய படகுகள் நடு ஆற்றில் தரைதட்டி நிற்கட்டும். ஊர் பார்க்கட்டும். அவளும் பார்க்கட்டும். எந்த நாளில் செய்வது என்பதில் அவருக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை. மாதா திருநாள் அன்று வாடகைக்குப் போகாத ஒரு படகுகூட அவளிடம் மிச்சம் இருக்காது.

மதகுக்கு ஒரு குணம் உண்டு. தூக்குவதற்கு ஒரு ஆள் போதும். பல் வைத்த இரும்புத் தண்டு ஒவ்வொரு பல்லாக மேலே ஏறும்போதும் கொக்கி தானாக விழுந்து பிடித்துக்கொள்ளும், நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இறக்குவதுதான் சிரமம். இரண்டு பக்கமும் இரண்டு கைப்பிடி. இரண்டு ஆள் சேர்ந்து பாரத்தைத் தாங்கிக்கொண்டு, கொக்கியைக் காலால் விலக்கி, ஒரே மூச்சாகச் சுற்ற வேண்டும். நடுவில் ஒருவர் கைவிட்டால் அடுத்தவர் பக்கத்துக் கைப்பிடி திரும்பிச் சுழன்று தாடையைப் பெயர்க்கும். அப்பாவுக்கு முன்பல் இரண்டு அப்படித்தான் போனது. ரெஜிஸ் மீன்பிடிச் சங்கத்துத் தலைவர் கிலேமிடம் சொல்லிவைத்தார். மூன்று மணிக்கு வந்து ஒரு கை கொடு, மதகுக்கு எண்ணெய் போட வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னார். முழுக்கத் திறக்கப்போகிறேன் என்று சொல்லவில்லை. கிலேமும் சரி என்று தலையாட்டினான்.

மாதா திருநாள், ஞாயிற்றுக்கிழமை. தேவாலய மணி அடித்து ஓய்ந்தது. சதுக்கத்தில் மேஜை போட்டு ஊர் முழுவதும் ஆட்டுக்கறி விருந்துக்கு உட்கார்ந்திருந்த நேரம். ரெஜிஸ் மதகு மேடையில் ஏறிக் கைப்பிடியைப் பிடித்தார். ஒரு பல். இன்னொரு பல். அடியில் தண்ணீர் முதலில் முனகியது, பிறகு உறுமியது, பிறகு அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி பாய்ந்தது. கடைசிப் பல்லுக்கு வந்தபோது அவருக்கு மூச்சு இரைத்தது, முதுகு வலித்தது, ஆனாலும் சிரிப்பாக வந்தது. அறுபத்து மூன்று வயதில் ஒரு மனிதன் தனியாக ஒரு மேடையில் நின்று சிரிப்பதைப் பார்க்க நல்லவேளை யாரும் இல்லை.

தண்ணீர் நினைத்ததைவிட வேகமாக இறங்கியது. முதலில் அணையின் முகட்டில் வழிவது நின்றது. அந்தச் சத்தம் நின்ற கணத்தில் அவருக்குச் சுருக்கென்று ஏதோ குத்தியது. அதை ஒதுக்கிவிட்டு மேலே பார்த்தார். வளைவுக்கு அப்பாலிருந்து மஞ்சள் படகுகள் வந்துகொண்டிருந்தன. ஒன்று தரைதட்டியது. பின்னால் வந்தது அதன்மேல் மோதியது. மூன்றாவது குறுக்கே திரும்பி நின்றது. ஹாலந்து மொழி, ஆங்கிலம், பாரிஸ் பிரெஞ்சு எல்லாவற்றிலும் கத்தல். கொஞ்ச நேரத்தில் அவளுடைய நாற்பது படகில் பாதிக்கு மேல் கரையோரம் காயப்போட்ட கத்தரிக்காய்த் துண்டு மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன.

"போங்க! இப்பப் போங்க காப்ரரேக்கு!" என்றார் ரெஜிஸ், தனக்குத்தானே.

அவர் ஒன்றை மறந்திருந்தார். ஏழு வருடம் இந்தத் தண்ணீரைப் பார்த்தவர் மறப்பார், பிறந்ததிலிருந்து பார்த்தவர் மறக்கமாட்டார். தண்ணீர் வடிந்தால் வலக்கரையில் ஆள் புதைகிற சேறு. கால் வைக்க முடிந்தது இடக்கரைக் கூழாங்கல் மட்டும்தான். படகைவிட்டு இறங்கிய அத்தனை பேரும், குழந்தையும் குட்டியும் நாயுமாக, நேரே அவருடைய மில்லைப் பார்த்து நடந்து வந்தார்கள்.

கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். தொலைபேசி கேட்டார்கள். ஒரு பெண் சமையலறைக்குள்ளேயே வந்து குழந்தையின் சட்டையைப் பிழிந்தாள். "என்ன அருமையான யோசனைங்க, ஆத்துக்கு நடுவுல நடக்கவிட்டிருக்கீங்க! வருஷா வருஷம் இந்த நாள்லதானா?" என்று ஒரு பாரிஸ்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பையன்கள் அவருடைய வாளிகளை எடுத்துக்கொண்டு குட்டைகளில் துடிக்கிற மீனைப் பிடிக்க ஓடினார்கள். ரெஜிஸ் கத்தினார், கையை ஆட்டினார், கடைசியில் முற்றத்துக் குழாயைத் திறந்து தண்ணீரைப் பீய்ச்சினார். வெயிலில் வாடிய கூட்டம் சந்தோஷமாக அதில் குளித்தது. அட கடவுளே, இந்த ஜனங்களுக்கு விரோதம் என்றால் என்னவென்றுகூடத் தெரியாதா?

மூன்று மணி ஆயிற்று. கிலேமைக் காணோம். தொலைபேசியில் அழைத்தார்.

"வரியா இல்லியாப்பா?"

"நீ மதகத் தொறந்தியா?" கிலேமின் குரல் கார் இரைச்சலுக்கு நடுவே வந்தது. "முழுசாவா தொறந்த? இன்னைக்கா?"

"ஒரு கை குடு, மூடிடலாம்."

"டேய், என் பொண்ணும் மாப்பிள்ளையும் ரெண்டு கைக்குழந்தையும் அந்தப் படகுல இருக்காங்கடா! மேல பாறை இடுக்குல மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. அவங்களத் தூக்கத்தான் போயிட்டிருக்கேன். எண்ணெய் போடப் போறேன்னு சொன்னியே, வெக்கமா இல்ல? மீனெல்லாம் செத்துட்டு இருக்கு. நான் மீன் சங்கத் தலைவன்டா!"

"கிலேம், கேளு..."

"உங்க அக்காவக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

ரெஜிஸ் கூட்டத்தில் இருந்த வாட்டசாட்டமான ஒரு இளைஞனை மேடைக்கு அழைத்துவந்தார். கைப்பிடியைக் காட்டினார், கொக்கியைக் காட்டினார், சைகையில் எல்லாம் விளக்கினார். அவன் ஆர்வமாகத் தலையாட்டினான். மூன்று பல் இறங்கியதும், கையை மாற்றிப் பிடிப்பதற்காக அவன் சும்மா ஒரு நொடி விட்டான். ரெஜிஸ் பின்னால் சாய்ந்ததால் பிழைத்தார். கைப்பிடி காற்றைக் கிழித்துச் சுழன்று திரும்பி அந்தப் பையனின் மணிக்கட்டையே அடித்தது. கொக்கி விழுந்தது. பையன் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாகக் கீழே இறங்கிப் போனான். அதற்குப் பிறகு கூட்டத்தில் யாரும் மேடைப் பக்கம் திரும்பவில்லை.

மதகின் அடியில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பார்க்க ரெஜிஸ் ஆற்றுக்குள் இறங்கினார். பிறந்து இத்தனை வருடத்தில் அணையின் மேற்புறத்து முகத்தை அவர் பார்த்ததே கிடையாது. அது எப்போதும் தண்ணீருக்குள்தான். பாசி பிடித்த கற்கள், ஒழுங்காக அடுக்கிய கற்கள், ஈரம் சொட்டச் சொட்ட வெயிலில் நின்றன. தன் பாதியில் இரண்டு எட்டு வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அடியில் ஒரு ஓட்டை. ஒரு ஆள் தவழ்ந்து நுழையலாம். உள்ளே கல் சரிந்து, மண் கரைந்து, ரொட்டி சுடும் அடுப்பின் வாய் மாதிரி இருண்டு கிடந்தது. அடுத்த பக்கத்து வெளிச்சம் இடுக்கு வழியாகத் தெரிந்தது. கல்லைத் தாங்கிய ஓக் கட்டையைத் தொட்டார். கட்டைவிரல் கேக்கில் இறங்குவதுபோல உள்ளே போனது. எதுவுமே இல்லை. இவ்வளவு நாளும் அவர் தூங்கியதும் விழித்ததும் ஒரு வெறும் கூட்டின் சத்தத்தைக் கேட்டு. மண்டபத்தில் தலையை வெட்டுங்க என்று சொன்னது நினைவுக்கு வந்தது. வியாழக்கிழமை அந்தப் பெண் வருவாள். தண்ணீர் இப்படியே இருந்தால் கரையில் நின்றே பார்த்துவிடுவாள்.

"நகரு."

அந்தக் குரலுக்கு அவர் திரும்ப வேண்டியதில்லை. யோலாந்த் ஆற்றின் நடுவே நின்றிருந்தாள். ரப்பர் பூட்ஸ், தொடைவரை சேறு. மேலேயிருந்து படுகை வழியாகவே நடந்து வந்திருக்கிறாள். ஏழு வருடத்துக்குப் பிறகு அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

ரெஜிஸ் ஓட்டையை முதுகால் மறைத்து நின்றார். "இது என் பாதி. கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லு."

"நகருடா. எதுக்கு மறைக்கிற? பின்னாடி இருக்கிறதுல பாதி தெரியுது."

அவர் நகரவில்லை. அவள் கோட்டைத் தாண்டி வந்தாள், தோளால் அவரை ஒதுக்கினாள், குனிந்து பார்த்தாள். கையை உள்ளே விட்டுத் துழாவினாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் அவர் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"அக்டோபர்ல களிமண்ணு வைக்கலியா?"

"என்ன களிமண்ணு?"

"நீ துலூஸுக்குப் போனப்புறம் அப்பா ஒவ்வொரு வருஷமும் இலை உதிர்றப்ப தண்ணிய இறக்கிட்டு, இடுக்கு இடுக்கா களிமண்ணு அடைப்பாரு. வைக்கலேன்னா அரிச்சிடும். உனக்குத் தெரியாதா?"

"நீ சொல்லல."

"நீ கேக்கல."

ரெஜிஸ் அவளுடைய பாதியைப் பார்த்தார். இடுக்குகள் எல்லாம் சாம்பல் நிறக் களிமண்ணால் வழவழவென்று பூசியிருந்தது. அப்பா காலத்துக்குப் பிறகு பூசியது. விரல் தடம்கூடத் தெரிந்தது. மதகு அவருடையது, தண்ணீரை இறக்க அவளால் முடியாது. ஒவ்வொரு அக்டோபரும் கழுத்துவரை குளிர்ந்த தண்ணீரில் நின்று, மூச்சடக்கி முங்கி முங்கித்தான் இதைச் செய்திருக்க வேண்டும்.

"உடைக்கணும் உடைக்கணும்னு கத்துறவ எதுக்கு அடைச்ச?"

"உடைக்கிறதுன்னா ஆளுங்க நின்னு உடைக்கணும். அழுக விடக்கூடாது." அவள் கையில் ஒட்டிய கறுப்புச் சேற்றைத் தன் கால்சட்டையில் துடைத்தாள். "நீ அழுக விட்டுட்ட. அவரோட மில்லு உன் கையில வந்தப்பவே எனக்குத் தெரியும்."

"என் வீட்டப் படம் புடிச்சு ஊரெல்லாம் குடுத்தது நீதான?"

"நான்தான். அணை போனப்புறம் படகு வந்து ஒதுங்குற எடம் அதுதான். ஜனங்களுக்கு இப்பவே பழகட்டும்னு குடுத்தேன்."

"என் ஜட்டியோடயா?"

"அது உன் கொடி. எடுத்து வைக்க வேண்டியது நீ."

அவருக்கு அவளை அங்கேயே தள்ளிவிட வேண்டும் போல இருந்தது. அவளுக்கும் அப்படியே இருந்திருக்கும். இரண்டு பேருடைய கையும் ஒரே மாதிரி, அன்செல்மின் கை, முஷ்டி மடங்கி நின்றது. மேலே எங்கேயோ ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. யோலாந்த் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவர் கவனித்தார், அவளுக்கு மூச்சு வாங்குகிறது. வயதாகிவிட்டது அவளுக்கு.

"மேல பதினேழு படகு இன்னும் பாறைக்குள்ள கெடக்கு" என்றாள். "வேன் போக வழியில்ல. தண்ணி ஏறினாத்தான் அவங்க வர முடியும். வந்து கைப்பிடியப் புடி."

"நீ வந்து புடின்னு நான் கேக்கலியே."

"கேட்டுத்தான் ஆகணும்." அவள் கையைக் கட்டிக்கொண்டாள். "நோட்டரி வீட்டுல நீ வாயத் தொறந்து ஒண்ணு கேப்பேன்னு உக்காந்திருந்தேன். இன்னைக்காவது கேளு. இல்லேன்னா அந்தப் பதினேழு படகு ஆளுங்களயும் நான் முதுகுல சுமந்துட்டு வரேன். நீ இந்த ஓட்டையக் கட்டிப்புடிச்சிட்டு வியாழக்கிழமை வரைக்கும் நில்லு."

அவள் செய்வாள். முதுகில் சுமந்துகொண்டு வரக்கூடியவள்தான். ரெஜிஸ் வாயை மென்றார். கரையில் பாரிஸ்காரர் இவர்கள் இருவரும் நிற்பதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"புடி" என்றார்.

"கேக்கல."

"வந்து புடி, யோலாந்த். என்னால தனியா முடியல."

அவள் அவரைத் தாண்டி மேடைப் படியில் ஏறினாள், மேல்பக்கத்துக் கைப்பிடியை எடுத்தாள், வலது காலைக் கொக்கியின் பக்கத்தில் வைத்தாள். யோசிக்காமல் வைத்தாள், செருப்புக்குள் கால் போகிற மாதிரி. ரெஜிஸ் கீழ்ப்பக்கம் நின்றார். "ம்" என்றாள். கொக்கி விலகியது. இரும்பின் பாரம் முழுவதும் இரண்டு பேர் கையிலும் வந்து உட்கார்ந்தது. ஒரு பல். அவள் மூச்சு விட்டபோது அவர் இழுத்தார். இன்னொரு பல். பையனோடு வராத சீர் அவளோடு உடனே வந்தது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

பாதி இறங்கியதும் மதகின் அடியில் உறுமல் குறைந்தது. ஆறு ஒரு முறை தயங்கி, பின்வாங்கி, மேல்நோக்கித் தேங்க ஆரம்பித்தது. குட்டைகளில் கிடந்த மீன்கள் துள்ளித் துள்ளி ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. முதல் படகு தரையைவிட்டு எழும்பி ஆடியது. கரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

ரெஜிஸுக்கு ஓட்டையைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. இங்கிருந்து பார்த்தால் அது இன்னும் பெரிதாக இருந்தது. தண்ணீர் மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. தெரிந்தவள் ஒருத்தி எதிரே நின்று, அவர் தாடையைத் தன் கையில் வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கிழமை அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்லுவ?" கேட்கக்கூடாது என்றுதான் இருந்தார், வந்துவிட்டது.

யோலாந்த் தலை நிமிரவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை அவள் மூக்கு நுனிக்கு இறங்கிச் சொட்டியது.

"ஓட்டையையும் பாத்தேன். தண்ணியில்லாத ஆத்தையும் பாத்தேன். என் படகுங்க கல்லுமேல கெடந்ததையும் பாத்தேன். எதச் சொல்றதுன்னு இன்னும் முடிவு பண்ணல."

"யோலாந்த்..."

"பேசாத. சுத்து."

அவரால் விட முடியாது. அவளாலும் விட முடியாது. இருவரில் யார் விட்டாலும் இரும்பு அடுத்தவர் முகத்தைப் பெயர்க்கும். கொக்கியைத் திரும்ப விழவைக்கலாம் என்ற நினைப்பு இருவருக்கும் வரவில்லை, அல்லது வந்தும் யாரும் சொல்லவில்லை. ஒரு பல். இன்னொரு பல். கீழே பழுப்புத் தண்ணீர் கல் கல்லாக ஏறி, அணையின் நடுவைத் தாண்டி, சாம்பல் களிமண் பாதியையும் கறுத்த பாதியையும் ஒரே உயரத்துக்கு நனைத்துக்கொண்டு, ஓட்டையின் கீழ் விளிம்புக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தது.